வடிவமைப்புத் தொழிலில் புகும் இளைஞரும் தகுதி பற்றிய ஐயமும்

கல்லூரிப் படிப்பை முடித்து வடிவமைப்பு அலுவலகமொன்றில் முதன்முதலாக இடம்பெறும் இளைஞருக்கு உண்டாகும் ஓர் அச்சத்தைக் குறித்து ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறோம். வேலை கடினமாயிருக்குமோ என்னும் அச்சம் எத்தொழிலிலும் இயல்பே. நாம் கூறுவது அதுவன்று. ‘என்னைத் தெரிந்தெடுத்தவர்கள் ஏமாந்துபோனார்கள்; என்னிடம் உள்ளதாக அவர்கள் எண்ணும் திறமை உண்மையில் என்னிடம் இல்லை; இன்றோ நாளையோ இது வெளிப்பட்டே தீரும்’ என்று உள்ளுக்குள் ஓயாமல் நினைந்து வருந்துவதே நாம் கூறும் அச்சம். தேர்வுகளில் முதல் வகுப்பில் தேறியவரும் இதற்கு விலக்கல்லர்.

இதனை முறையாக ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளநூல் வல்லுநர் இருவர். கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150க்கு மேற்பட்ட பெண்மணிகளோடு பழகி, அவருட் பலர் தம் வெற்றிக்குத் தற்செயலோ, தேர்வாளரின் பிழையோ, பிறருடைய தயவோதான் காரணம் என்று மெய்யாகவே நம்பியிருந்ததை அவர்கள் கண்டனர். ஆடவரிடத்தும் இஃது உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்நாளில் இதனை ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று வழங்குகின்றனர். இதனை ஒரு நோயாக அவ்விருவரும் கூறவில்லை. மனத்தில் நிகழும் ஒரு நிகழ்ச்சி என்றே கூறினர். நாமும் இங்கே ‘தகுதி ஐயம்’ என்றே குறிப்போம்.

இவ்வையம் வடிவமைப்புத் தொழிலில் மிகுந்து தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் ஒரு கணக்கிற்கு விடை ஒன்றே; நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அது கிடைக்கும். வடிவமைப்பிலோ அவ்வாறில்லை. ஒரு லாரியின் படிக்கட்டை எத்தனையோ விதமாக அமைக்கலாம். அவற்றுட் பல நிற்கும், சில நன்றாக நிற்கும், ஒன்று மலிவாகவும் அமையும். இதுவே விடை என்று சொல்லுவார் ஒருவரும் இலர். மேலும், பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்கு எண்பது பெற்ற இளைஞர் தாம் வரைந்த முதற் படத்தைக் கொடுத்தால், அது சிவப்பு மையால் இருபது இடங்களிற் குறிக்கப்பெற்றுத் திரும்பி வருகின்றது. மதிப்பெண்ணையே அளவுகோலாகக் கொண்டு பழகிய மனம் அவ்விருபது குறிகளையும் இருபது பிழைகளாக எண்ணி, ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று நடுங்குகின்றது.

இராயபுரந் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் செல்லும் கடற்கரைச் சாலையை நம் மாணவர் பலர் அறிவர். துறைமுகமும், காசிமேட்டு மீன்பிடி துறையும், யந்திரசாலைகளும், மின்நிலையங்களும் நிறைந்த அப்பகுதியில் வடிவமைப்பாளராகவும், ‘டிராப்ட்ஸ்மன்’ என வழங்கும் வரைவாளராகவும் வேலையில் அமர்வோர் பலர். அவருக்கு நாம் சொல்ல விரும்புவதைத் தொலைநாட்டு நூல்களிற் சென்று தேட வேண்டுவதில்லை. அக்கடற்கரையே ஒரு பாடநூலாக அமைந்திருக்கின்றது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரம் இட்டு நிற்க, மக்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டி வந்து சேர்ந்தனர். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. உள்ளே விலாச் சட்டங்களும் இல்லை. ஆதலின், அலை மோதும்போது படகு விறைத்து நின்று உடையாமல் வளைந்து கொடுத்து மீளும். ஐரோப்பியப் படகுகள் இவ்வலைகளில் நொறுங்கின என்பதை நினைக்குங்கால் இதன் அருமை விளங்கும். இதனை அமைத்தவர் எவரும் தம்மை வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொண்டதில்லை. அவருக்கு வரைபடமும் இல்லை. பட்டம் பெற்ற பின்னும் ‘நான் வடிவமைப்பாளன்தானா?’ என்று ஐயுறும் காசிமேட்டு இளைஞர் ஒருவர், தம் தெருவில் எத்தனை தலைமுறையாக இத்தொழில் நடந்துவந்தது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

பிறகு பொறியாளர் வந்தனர். 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1868, 1872ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதனைச் சிதைத்தன. அதன்பின் வில்லியம் பார்க்ஸ் என்பவர், கரையிலிருந்து கடலுக்குள் இரு கரங்களைப் போல அலைதடுப்புச் சுவர்களை நீட்டி, கிழக்கு நோக்கி வாயில் வைத்து, ஒரு செயற்கைத் துறைமுகத்தை வகுத்தார். அவர் கராச்சித் துறைமுகப் பணியில் பழகியவர், புதியவரல்லர். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது இத்துறைமுகத்திற்கு நினைவுக்கல் நாட்டினார். வேலை ஏறத்தாழ முடியுந் தறுவாயில், 1881ஆம் ஆண்டு நவம்பரில் எழுந்த புயல் அச்சுவர்களின் பெரும்பகுதியைப் பெயர்த்தெறிந்தது. கான்கிரீட்டுப் பாளங்கள் கடலுக்குள் சரிந்தன. வல்லுநர் ஆராய்ந்தனர், வடிவம் திருத்தப்பட்டது, மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று.

அவ்வளவிலும் குறை தீர்ந்ததா எனின், இல்லை. கிழக்கு நோக்கிய வாயில் வழியாக அலைகள் நேரே உட்புகுந்து, உள்ளே நின்ற கப்பல்களை அலைக்கழித்தன. வாயிலில் மணலும் சேர்ந்தது. 1904இல் துறைமுகக் கழகத்தின் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் கிழக்கு வாயிலை மூடச் செய்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்து, அதற்குக் காப்பாக ஒரு சுவரையும் நீட்டுவித்தார். இவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ரயில்வேப் பணியில் கழித்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ‘ரயில்வேக்காரனுக்குத் துறைமுகம் என்ன தெரியும்?’ என்று அவரே தம்மை வினவிக்கொண்டு வாளா இருந்திருப்பாராயின் அவ்வாயில் கிழக்கு நோக்கியே இருந்திருக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. இராயபுரத்தார் இதனை நன்கறிவர். இக்கரையோரமாக அலைகள் ஆண்டுதோறும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றமையால் தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வருவது குன்றிக் கடல் நிலத்தை அரித்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலும் குடியிருப்புகள் பல அலைவாய்ப்பட்டன. இன்று அவ்விடங்களில் நாம் காணும் பாறைச் சுவர்களும் கடலுள் நீளும் கல்வரம்புகளும் அதற்காக இட்டவையே. பெருந்தகுதி படைத்தவர் பலர் கையெழுத்திட்ட ஒரு திட்டத்தின் பயன் இவ்வாறும் ஆயிற்று. மீனவர் குடும்பங்கள் இழந்ததை நாம் இலேசாகச் சொல்லவில்லை. அதனைத் தனியே எழுத வேண்டும்.

இவ்வரலாற்றை இத்துணை விரித்தமைக்குக் காரணம் கூறுவோம். தகுதி ஐயம் கொண்ட இளைஞர், தம்மைச் சுற்றியுள்ளோர் அனைவரும் முழுதும் அறிந்தவர் என்றும், தாம் ஒருவரே அறியாதவர் என்றும் எண்ணுகின்றார். அவ்வெண்ணத்தில் முதற்பாதியே பொய். கடல் பார்க்ஸின் பட்டயங்களைப் பார்க்கவில்லை. அவருடைய சுவரைப் பார்த்தது. வடிவமைப்பில் சோதிக்கப்படுவது வரைந்தவர் அல்லர், வரைந்த பொருளே. ஆகவே ஐயம் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அஃது இல்லாத வடிவமைப்பாளர் அபாயகரமானவர். ‘நான் தகுதியுடையவனா?’ என்று கேட்பது நிற்க, ‘இந்த இணைப்பு இப்பாரத்தைத் தாங்குமா?’ என்று அதே ஐயம் படத்தின்மேற் செல்லுதல் வேண்டும். முன்னதற்கு விடை கிடையாது. பின்னதற்கு ஒரு மாலைப்பொழுதிற் கிடைக்கும்.

தொழிலகத்து வரைபடம் எதனை எடுத்தாலும் அதன் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என அதில் மூன்று இடங்கள் உண்டு. மசித்துணியில் மையால் வரைந்த காலத்திலும் இஃது இருந்தது. கணினியில் வரையும் இக்காலத்திலும் இருக்கின்றது. ஒருவர் தனியே முற்றும் அறிந்திருப்பார் என்னும் நம்பிக்கை இத்தொழிலில் என்றும் இருந்ததில்லை என்பதற்கு இக்கட்டமே சான்று. இருபது சிவப்புக் குறிகள் இட்டவர் இரண்டாம் இடத்திற்குரிய தம் கடமையைச் செய்தார். குறியே இடாமல் படத்தைத் திருப்பித் தந்திருப்பாராயின் அதுவே கவலைக்குரியது.

பிறர் ஒருவரை மெய்யானவரோ போலியோ என்று ஐயுற்றதும், அவ்வையம் எவ்வாறு தீர்ந்தது என்பதும் இதே துறைமுகத்தின் அலுவலகத்தோடு தொடர்புடையனவாக உள்ளன. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியன்று அங்கே கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்த சீனிவாச இராமானுஜன், எப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணித மேதையை எடுத்துக்காட்டி இளைஞரை மேலும் அச்சுறுத்துவானேன் என்று கேட்பாரும் உளர். அவருடைய மேதையை நாம் இங்கே பேசவில்லை; தம் வேலையைப் பிறர் கண்முன் வைத்த முறையையே பேசுகிறோம்.

அவர் குறிப்பேடுகளைக் கண்ட சிலர், இவர் அறிஞரா, வெறும் பித்தரா என்று தெளிய மாட்டாமல் திகைத்தனர். சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித் அவற்றைப் பற்றி லண்டன் பேராசிரியர் ஹில் என்பவருக்கு எழுதினார். ஹில், இராமானுஜன் முடிவிலாத் தொடர்களில் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று கண்டு, பிராம்விச் இயற்றிய நூலைப் பயிலுமாறு கூறினார். பின்னர் 1913 சனவரி 16ஆம் தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு இராமானுஜனே எழுதிய கடிதத்தில், தாம் சிறு சம்பளத்து எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி முற்றாதவர் என்பதையும் மறைக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டார். அதன்பின் தாள்தாளாகத் தேற்றங்களை வைத்தார். ஹார்டியும் முதலில் இது வஞ்சகமோ என்று ஐயுற்றார். லிட்டில்வுட் என்னும் நண்பரோடு அமர்ந்து ஆராய்ந்த பின்னரே தெளிந்தார். பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதியவற்றுட் சில தவறென்றும் ஹார்டி கண்டார். நிறுவல்களைக் கேட்டு எழுதினார். தவறுகள் இருந்தமையால் மற்றவை பொய்யாகிவிடவில்லை. 1914 மார்ச்சில் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

போலி என்பவன் அறியாததை மறைப்பவன். அறியாததை அறியாதது என்று தாளில் எழுதி, அறிந்ததை ஆராயக் கொடுப்பவன் போலியாக இருத்தல் எங்ஙனம்? இதனைத் தகுதி ஐயத்தால் வாடும் நண்பர் சற்று நின்று எண்ண வேண்டுகிறோம். இனி, அவர் செய்வது பெரும்பாலும் இதற்கு மாறானதாக இருக்கின்றது என்பதையும் சொல்ல வேண்டும். கிளான்ஸ் அம்மையார் இதில் இருவகைப் போக்குகளைக் காட்டியுள்ளார். ஒருவர் இரவு பகலாக உழைத்து, வேண்டியதற்கு மும்மடங்கு ஆயத்தம் செய்கிறார்; வெற்றி கிட்டினால், ‘இத்தனை பாடுபட்டதால் வந்தது, திறமையால் அன்று’ என்கிறார். மற்றவர் தொடங்கவே அஞ்சி நாளைக் கடத்திக் கடைசியில் அவசரமாக முடிக்கிறார். வெற்றி கிட்டினால், ‘அதிர்ஷ்டம்’ என்கிறார். எவ்வழியிலும் வெற்றி அவர் கணக்கில் வரவாவதில்லை. இருவரும் படத்தை முடியும் வரையில் ஒருவருக்கும் காட்டுவதில்லை என்பதையே நாம் பெருங்குறையாகக் கருதுகிறோம்.

‘நான் முன்னோர் படங்களைப் பார்த்துத்தானே வரைகிறேன், இஃது என்ன வடிவமைப்பு?’ என்று வருந்துவாரும் உளர். திருவொற்றியூரில் ‘புல்லட்’ மோட்டார் சைக்கிள் உற்பத்தியான வரலாறு இவருக்கு உரியது. 1955இல் ரெடிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை நிறுவின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களை இங்கே பொருத்தினர். 1957இல் அவற்றை ஆக்கும் கருவிகளே வந்தன. 1962க்குள் உறுப்புக்கள் யாவும் இந்நாட்டிலேயே ஆயின. 1970ஐ ஒட்டி இங்கிலாந்து நிறுவனம் மறைந்த பின்னும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கிற்று. எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸும் ஆஸ்டின் கார்களைப் பொருத்துவதிலேயே தொடங்கிற்று என்பதை நினைவூட்டுவது போதும்.

பிறர் படத்தைக் கண்மூடி எடுப்பது வேறு, கேட்டுக் கேட்டு எடுப்பது வேறு. இரண்டு பரப்புகள் கூடும் உள்மூலை ஏன் கூராக இல்லாமல் வளைந்திருக்கின்றது? கூரிய மூலையில் இறுக்கம் குவிந்து வெடிப்பு அங்கே தொடங்கும் என்பது அதற்கு விடை. இத்துளைக்கு மட்டும் அளவில் ஏன் இவ்வளவு கண்டிப்பு, பக்கத்துத் துளைக்கு ஏன் இல்லை? முன்னதில் உருளைத் தாங்கி அமரும், பின்னதில் வெறும் திருகாணி நுழையும் என்று லேத்தில் நிற்பவர் சொல்லுவார். இவ்வாறு ஒரு பழைய படத்தின் ஒவ்வொரு கோட்டிற்கும் காரணம் கேட்டவர், பத்தாம் படத்தில் ஒரு கோட்டை மாற்றலாம் என்று தாமே சொல்லத் துணிவார். கேட்க வெட்கப்பட்டவர் ஆயிரம் படம் எடுத்தும் எடுத்தபடியே இருப்பார்.

ஆயினும் எல்லாப் பழியையும் இளைஞர் மனத்தின் மேலேயே சுமத்துவது நேர்மையாகாது. தம் குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக மேசைக்கு முன் அமர்பவர், கூட்டத்தில் ஆங்கிலம் தடுமாறும்போது ஒருவர் புன்னகைப்பதைக் காண்கிறார். தமக்குப் பழக்கமில்லாத பெயர்களையும் நகைச்சுவைகளையும் கேட்கிறார். பெண்ணாயின், பட்டறைக்குச் சென்றால் ‘மேடம், டிராயிங் போட்டது யாரு?’ என்று தம்மிடமே கேட்கப்படுவதையும் கேட்கிறார். இங்கே ஐயத்தை உண்டாக்கியது அவர் உள்ளம் அன்று, அவ்விடத்தின் பழக்கம். 2021இல் ருச்சிகா துல்சியான், ஜோடி-ஆன் பியூரி என்னும் இருவர் இதனையே வற்புறுத்தி எழுதினர்: பெண்களிடம் குறை இருப்பதாகச் சொல்லி அவரைத் திருத்த முயல்வதை விட்டு, பணியிடத்தைத் திருத்துக என்பது அவர் கருத்து. நாமும் அதனை ஏற்கிறோம். ‘தன்னம்பிக்கை கொள்’ என்று தோளில் தட்டிவிட்டு, படத்தைச் சரிபார்க்க ஆளும் நேரமும் அளிக்காத மேலாளரின் அறிவுரையால் விளையும் பயன் யாதுமில்லை.

இனி, புதியவர் செய்யத்தக்கவற்றுட் சில. படம் மூன்றில் ஒரு பங்கு ஆனவுடனேயே மூத்தவரிடம் காட்டுக. அப்போது திருத்தம் பென்சிற் கோட்டளவு, பின்னரோ வார்ப்பச்சின் அளவு. காட்டும்போது ‘இது நன்றாயிருக்கிறதா?’ என்று கேட்பதால் ஆவதொன்றில்லை. ‘நன்று’ என்றால் மனம் நம்பாது, ‘நன்றன்று’ என்றால் மனம் ஒடியும். ‘இத்தகட்டை மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் வைத்திருக்கிறேன், வளைக்கும் இடத்தில் வெடிக்குமா?’ என்று கேட்டால் விடை பொருளைப் பற்றியதாக வரும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, எந்த முடிவை என்ன காரணத்தால் செய்தோம் என்பதைத் தேதியிட்டு எழுதுதல் மிகவும் நன்று. ஆறு திங்கள் கழித்து, ‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்று மனம் சொல்லும்போது அவ்வேட்டைத் திறந்தால், காரணங்கள் தம் கையெழுத்திலேயே இருக்கும். திருத்தப்பட்டவற்றையும் அதே ஏட்டில் எழுதுக. மாதம் ஒருமுறையேனும் பட்டறைக்குச் சென்று, தாம் வரைந்த உறுப்பை வெல்டிங் செய்பவரும் பிட்டரும் எவ்வாறு கையாளுகின்றனர் என்று அருகிருந்து பார்த்தல் வேண்டும். ‘ஸ்பானர் இங்கே எப்படிச் சார் நுழையும்?’ என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி பல விரிவுரைகளுக்கு ஈடாகும். இவ்வளவு செய்தும் உறக்கமின்மையும் சோர்வும் நீங்காவிடின் மருத்துவரை நாட வெட்கப்பட வேண்டா. அது நம் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மூத்தவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரைபடத்தின் ஓரத்தில் அ, ஆ, இ என்றோ ஏ, பி, சி என்றோ எழுத்திட்டுத் திருத்தங்களைப் பதியும் பட்டி ஒன்று இருக்கும். எத்தேதியில் எந்த அளவு மாறிற்று, யார் மாற்றினார் என்பன அதில் வரும். புதியவருக்கு முதன்முதலாகக் காட்ட வேண்டியது பரிசு பெற்ற படத்தை அன்று. தலைமை வடிவமைப்பாளர் தாமே வரைந்து ஏழெட்டு முறை திருத்தப்பட்ட ஒரு படத்தையே. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பணியாற்றும் நம் பழைய மாணவருள் எவரேனும், வழக்கொழிந்த அத்தகைய படமொன்றைத் தம் நிறுவனத்தின் அனுமதி பெற்று, திருத்தப் பட்டியும் கீழ்மூலைக் கட்டமும் தெளிவாகத் தெரியும்படி நம் கல்லூரிக்கு அனுப்பிவைப்பாராயின், அதனைச் சட்டமிட்டு இறுதியாண்டு மாணவர் வகுப்பில் மாட்டிவைக்க ஆவன செய்வோம்.